பேஸ்பால் மைதானத்தில் ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோரை அங்கே ஒரு கோடை மாலையில் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துப் போவதுண்டு. ஊர் திரும்பியதும் ஆட்டம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: "ஒருவன் எறிந்துகொண்டே இருந்தான், இன்னொருவன் அடிக்காமல் நின்றுகொண்டே இருந்தான்." இதோடு வேறு சில எண்ணங்களும் நம்மிடையே உலவுகின்றன. பேஸ்பால் என்பது கிரிக்கெட்டின் எளிய வடிவம் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பதுதான் அதில் திறமை என்பார்கள். பந்து கூட்டத்துக்குள் பறந்தால்தான் பார்க்க ஏதாவது இருக்கும் என்பார்கள்.

மூன்றும் தவறு. ஆனால் இப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. பேஸ்பாலின் உயிர் அடிக்கப்படாத பந்துகளில் இருக்கிறது. யாராவது சுட்டிக்காட்டினால் ஒழிய அது கண்ணில் படாது. அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு மைதானத்துக்குப் போனால், அந்த இரண்டரை மணி நேரமும் வேறு மாதிரி இருக்கும்.

முதலில் களம்

பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க்கை எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது. மேஜர் லீக் எனப்படும் உயர்மட்டத் தொழில்முறை ஆட்டங்கள் நடக்கும் மைதானங்களில் இதுதான் மிகப் பழையது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் சொந்த மைதானம். மேஜர் லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது, அதில் பாதி சொந்த ஊரில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அணி ஊரில் இருக்கும் வாரமாகப் பார்த்துப் போனால் ஆட்டம் கிடைத்துவிடும்.

களத்தின் ஒரு முனையில், தரையோடு தரையாக ஐந்து பக்கமுள்ள வெள்ளை ரப்பர் பலகை ஒன்று பதித்திருக்கும். அதுதான் ஹோம் பிளேட். அகலம் 17 அங்குலம். மட்டை பிடிக்கும் பேட்டர் அதன் பக்கத்தில் நிற்பார். அங்கிருந்து 60 அடி 6 அங்குல தூரத்தில் ஒரு சிறிய மண்மேடு. அதன்மேல் நின்று பந்தை எறிபவர் பிட்சர். பேட்டருக்குப் பின்னால் கவசம் அணிந்து குந்தியிருப்பவர் கேட்சர். அவருக்கும் பின்னால் நடுவர்.

ஹோம் பிளேட்டையும், ஓடுபவர் தொட வேண்டிய இடங்களான மூன்று பேஸ்களையும் சேர்த்தால் 90 அடிப் பக்கமுள்ள ஒரு சதுரம். முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களை வரிசையாகத் தொட்டு ஹோம் பிளேட்டுக்குத் திரும்பி வந்தால் ஒரு ரன். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் விசிறிபோல் விரிந்து செல்லும். அவற்றுக்கு உள்ளே அடித்தால்தான் ஓட முடியும். வெளியே போகும் பந்துக்கு ஃபவுல் என்று பெயர். நம் லேட் கட்டும் லெக் கிளான்ஸும் இங்கே செல்லாது.

கிரிக்கெட் கணக்கு இங்கே பொருந்தாது

கிரிக்கெட்டில் ரன் மலிவு, விக்கெட் அரிது. பேஸ்பாலில் நேர்மாறு. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுப்பது சராசரியாக நான்கைந்து ரன்கள்தான். அவுட் ஆவதோ, ஒன்பது இன்னிங்ஸும் முழுதாக ஆடினால், 27 முறை. மூன்று பேர் அவுட் ஆனதும் அணி மட்டையை வைத்துவிட்டுப் பந்து பிடிக்கப் போக வேண்டும். இரு அணிகளும் இப்படி ஒருமுறை ஆடி முடித்தால் அது ஓர் இன்னிங்ஸ். அவுட் ஆனவருக்கு அன்றைய ஆட்டம் அதோடு முடிந்துவிடாது. ஒன்பது பேர் கொண்ட வரிசை சுற்றிச் சுற்றி வரும், அவர் முறையும் மறுபடி வரும். பத்து வாய்ப்பில் மூன்று முறை ஒழுங்காக அடித்து பேஸை எட்டுபவருக்குச் சிறந்த பேட்டர் என்று பெயர்.

ஏன் இவ்வளவு கடினம்? மட்டை உருண்டையானது, மிகப் பருத்த இடத்திலும் அதன் குறுக்களவு 2.61 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகமென்றால் பேட்டரை எட்ட அதற்கு ஏறக்குறைய 0.4 விநாடி போதும். அதற்குள் பந்து எங்கே வருகிறது, வளையுமா, அடிக்கலாமா, விடலாமா என்று முடிவு செய்து மட்டையையும் சுழற்றியாக வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது. அவுட் சாதாரணம், ரன் அபூர்வம். பேஸை எட்டுவதே பெரிய காரியம். இனி, எட்டவிடாமல் பிட்சர் எப்படித் தடுக்கிறார் என்பதற்கு வருவோம்.

பால், ஸ்ட்ரைக்

ஹோம் பிளேட்டின் அகலத்தில், பேட்டரின் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை காற்றில் ஒரு சன்னல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்ட்ரைக் ஜோன் என்று பெயர். பந்து அதற்குள் வந்தும் பேட்டர் அடிக்காமல் விட்டால் அது ஸ்ட்ரைக். எங்கே வந்த பந்தானாலும் மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால் அதுவும் ஸ்ட்ரைக். ஃபவுலாக அடித்தாலும் ஸ்ட்ரைக்தான். ஆனால் இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அடிக்கும் ஃபவுல் கணக்கில் ஏறாது. இந்த விதிவிலக்கை நினைவில் வையுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

பந்து அந்தச் சன்னலுக்கு வெளியே வந்து, பேட்டரும் மட்டையைச் சுழற்றாமல் விட்டால் அதன் பெயர் பால்.

மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். நான்கு பால் ஆனால் அவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகலாம். இதற்கு வாக் என்று பெயர். ஸ்ட்ரைக் என்றால் நடுவர் கையை உயர்த்திக் காட்டுவார். பால் என்றால் பெரும்பாலும் அசைய மாட்டார், அவ்வளவுதான். 2026 பருவம் முதல் அந்தத் தீர்ப்பையும் எதிர்க்கலாம். பேட்டரோ பிட்சரோ கேட்சரோ உடனே தலையைத் தட்டிக் காட்டினால் கேமராக்கள் பதிவு செய்த பந்தின் பாதை திரையில் வரும். ஓர் அணிக்கு இப்படி இரண்டு முறையீடுகள். வென்ற முறையீடு கழியாது.

நான்கு என்ற எண்ணிக்கை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1879இல் ஒன்பது பால் ஆனால்தான் வாக். 1887 வரை பேட்டர் தனக்கு மேலாக எறி, தாழ்வாக எறி என்று கேட்டு வாங்கவும் முடிந்தது. பிட்சருக்குத் தோளுக்கு மேலிருந்து வேகமாக எறியும் உரிமை வந்தது, பேட்டர் கேட்டு வாங்கும் உரிமை போனது, பால்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. 1889இல் நான்கில் வந்து நின்றது, இன்றுவரை நிற்கிறது. இரு தரப்புக்கும் சரிசமமான நெருக்கடி உண்டாகும் புள்ளியை அத்தனை ஆண்டுகள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த விதி எனக்கு ஆட்டத்தின் மிக அழகான பகுதியாகப் படுகிறது.

யாருக்கு அவசரம்?

அந்த நேரத்தில் பேட்டர்மீது எத்தனை பால், எத்தனை ஸ்ட்ரைக் ஏறியிருக்கிறது என்பதற்கு கவுண்ட் என்று பெயர். பால் முதலில், ஸ்ட்ரைக் பிறகு. 2–1 என்றால் இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக்.

காலையில் சந்தைக்குப் போனால் கீரைக்காரர் சொன்னதுதான் விலை. வாடாத கீரை, வாங்கப் பத்துப் பேர், அவருக்கு அவசரமில்லை. பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்த பிறகு அதே கட்டை அவரே கூப்பிட்டுக் கொடுப்பார். கீரையும் ஆளும் அதேதான், அவசரம்தான் கைமாறியிருக்கிறது. கவுண்ட் காட்டுவதும் யாருக்கு அவசரம் என்பதைத்தான்.

கவுண்ட் 0–2 என்றால் அவசரம் பேட்டருக்கு. இன்னொரு ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். பிட்சருக்கோ மூன்று பந்துகளை வீணாக்கும் வசதி இருக்கிறது. ஆகவே அவர் நல்ல பந்தே எறிய மாட்டார். சன்னலுக்குள் வருவதுபோல் வந்து கடைசியில் வெளியே விலகும் பந்தை எறிவார். பேட்டர் அதை விட்டால் ஸ்ட்ரைக் ஆகிவிடுமோ என்ற பயம், மட்டையைச் சுழற்றினால் தவறிவிடுமோ என்ற பயம்.

3–0 அல்லது 3–1 என்றால் அவசரம் பிட்சருக்கு. இன்னொரு பால் ஆனால் வாக். இப்போது அவர் சன்னலுக்குள் எறிந்தே ஆக வேண்டும். குறி தப்பாமல் எறியச் சுலபமானது நேராகப் போகும் வேகப்பந்து. அது வரப் போகிறது என்பது பேட்டருக்கும் தெரியும். 0–2இல் திணறிய அதே பேட்டர் 3–1இல் புலியாக நிற்பார்.

சுருக்கமாகச் சொன்னால், பால் ஏற ஏற பிட்சருக்கு நெருக்கடி, ஸ்ட்ரைக் ஏற ஏற பேட்டருக்கு நெருக்கடி. அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்தும் இந்தத் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது.

எட்டுப் பந்துகள்

கற்பனையாக ஒரு மோதலைப் பார்ப்போம். மைதானத்தில் உட்கார்ந்து இப்படித்தான் பின்தொடர வேண்டும்.

முதல் பந்து வேகப்பந்து, சன்னலின் வெளி ஓரத்தில் தாழ்வாக உரசிப் போகிறது. பேட்டர் விடுகிறார். ஸ்ட்ரைக், 0–1. இரண்டாவது வளைபந்து. பேட்டர் முன்காலை எடுத்து வைத்துவிட்டு மட்டையை இழுத்துப் பிடிக்கிறார். பந்து முழங்காலுக்குக் கீழே விழுகிறது, 1–1. மூன்றாவது உடம்பை ஒட்டி வேகமாக வருகிறது. தாமதமாகத் தொட்டதில் ஃபவுல், 1–2. இப்போது பிட்சர் கை ஓங்கிவிட்டது.

நான்காவது பந்து வெளியே விலகி ஓடும் தூண்டில். பேட்டர் கடிக்கவில்லை, 2–2. ஐந்தாவதாக அதே பந்து, இம்முறை சற்று உள்ளே. மட்டையின் நுனியால் எப்படியோ தட்டி ஃபவுல் ஆக்குகிறார். ஆறாவதும் ஃபவுல். முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான் உதவுகிறது. கவுண்ட் 2–2இலேயே நிற்கிறது, பேட்டர் உயிரோடு இருக்கிறார். ஏழாவது, வேகப்பந்து எறியும் அதே கையசைவில் மெதுவாக வரும் பந்து. ஏமாறாமல் விடுகிறார், அது மண்ணில் குத்துகிறது. 3–2. இதை ஃபுல் கவுண்ட் என்பார்கள். இப்போது இருவருக்கும் அவசரம். அரங்கமே எழுந்து நிற்கும்.

எட்டாவது பந்தைப் பளீரென்று அடிக்கிறார். நேராகத் தடுப்பாளர் கையில் போய் விழுகிறது. அவுட்.

பலகையில் ஓர் அவுட் கூடியிருக்கிறது, வேறொன்றும் மாறவில்லை. ஆனால் தொடக்கப் பிட்சர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் எறிவது இப்போதெல்லாம் பெரும்பாலும் நூறு பந்துகளுக்குள்தான். அதில் எட்டை ஒரே ஆள் தின்றுவிட்டார். இப்படி இன்னும் இரண்டு மூன்று பேர் செய்தால் அந்தப் பிட்சர் ஓர் இன்னிங்ஸ் முன்னதாகவே களம் விட்டுப் போக நேரும். அவரிடமிருந்த பந்து வகைகள் அத்தனையையும் அடுத்து வரப்போகிற பேட்டர்கள் களத்தோர இருக்கைகளிலிருந்து பார்த்துவிட்டார்கள். தோற்ற பேட்டருக்கும் அவருடைய தோழர்கள் கைதட்டித் தோளில் தட்டுவதைப் பார்த்தால் காரணம் இதுதான்.

இலவச நடையின் விலை

வாக் வரும்போதுதான் புதியவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். பேட்டர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகிறார், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

2004 அக்டோபர் 17 இரவு ஃபென்வேயில் நடந்ததைப் பாருங்கள். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பட்டத்துக்கான ஏழு ஆட்டத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் மூன்றையும் வென்றுவிட்டது. நான்காவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4–3 என்று முன்னிலை. எறிய வந்தவர் மரியானோ ரிவேரா, கடைசி இன்னிங்ஸை எறிந்து ஆட்டத்தை முடித்துவைப்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை. அவரை எதிர்கொண்டவர் ரெட் சாக்ஸின் கெவின் மிலார். நான்கு பால் வாங்கிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் இறக்கப்பட்டார். பிட்சர் எறியும் அந்த நொடியில் ஓடி இரண்டாவது பேஸைத் திருடினார். திருடுதல் என்பது ஆட்டத்தின் முறையான சொல்தான், பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது. அடுத்த அடியில் அவர் ஹோம் பிளேட்டைத் தொட, ஆட்டம் சமன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஒர்டீஸ் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்தார், ஆட்டம் முடிந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் பாஸ்டன் வென்றது. 0–3 என்று பின்தங்கிய பிறகு எழுந்து வந்த முதல் மேஜர் லீக் அணி அதுதான். அதன்பின் மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரையும் வென்றார்கள், 1918க்குப் பிறகு முதல்முறையாக.

பாஸ்டன்காரர்கள் ராபர்ட்ஸின் திருட்டை இன்றும் கொண்டாடுகிறார்கள், அது நியாயம். ஆனால் மிலார் ஒரு கெட்ட பந்துக்கு ஆசைப்பட்டிருந்தால் திருட அங்கே யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

பந்தை விடத் தெரிந்த பேட்டர்

ஓங்கி அடிப்பதே திறமை என்ற எண்ணத்துக்கு டெட் வில்லியம்ஸ் நல்ல மறுமொழி. 1939 முதல் 1960 வரை ரெட் சாக்ஸுக்கு மட்டுமே ஆடியவர், நடுவே இரண்டு போர்க்காலங்களில் ராணுவ விமானியாகப் பணியாற்றியவர். ஃபென்வேயின் வலப்பக்கத் திறந்தவெளி இருக்கைகள் பச்சை நிறம். அவற்றுள் ஒன்று மட்டும் சிவப்பு. 1946 ஜூன் 9 அன்று அவர் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்த ரசிகரின் வைக்கோல் தொப்பியில் போய் விழுந்தது. தூரம் 502 அடி. நேரில் போகிறவர்கள் அந்த இருக்கையிலிருந்து ஹோம் பிளேட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும், அப்போதுதான் அந்தத் தூரம் உறைக்கும்.

ஆனால் அவர் பெருமை அடித்த தூரத்தில் இல்லை. சன்னலுக்கு வெளியே வரும் பந்தை அவர் தொட மறுத்தார். பேட்டர் எத்தனை விழுக்காடு பேஸை எட்டினார் என்ற கணக்கில், வாக்கையும் சேர்த்து, வாழ்நாள் முழுவதற்கும் அவருடைய எண் .482. மேஜர் லீக் வரலாற்றில் அதைத் தாண்டியவர் இல்லை. 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவருடைய அடி சராசரி, அதாவது வாய்ப்புகளில் ஒழுங்காக அடித்து பேஸை எட்டிய விகிதம், .39955. அதை .400 என்று எழுதிக்கொள்ளலாம், உட்கார்ந்துவிடலாம். அவர் உட்காரவில்லை. அன்று நடந்த இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு வாய்ப்பில் ஆறு முறை அடித்து .406இல் முடித்தார். அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ அதன் பிறகு யாரும் .400ஐத் தொடவில்லை.

எங்கே உட்காருவது, எப்போது போவது

முதல்முறை போகிறவர்கள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், சற்று உயரமான வரிசையில் டிக்கெட் எடுங்கள். பந்தின் வளைவும் சன்னலின் ஓரங்களும் அங்கிருந்துதான் புரியும். ஃபென்வே பழைய கட்டடம் என்பதால் கூரையைத் தாங்கும் தூண்கள் சில இருக்கைகளின் பார்வையை மறைக்கும். டிக்கெட் எடுக்கும்போது அதைக் கவனியுங்கள்.

கென்மோர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் வழியெல்லாம் குடைமிளகாயும் வெங்காயமும் வதக்கிப் போட்ட சாசேஜ் மணம் வரும். சைவக்காரர்களுக்கு வேர்க்கடலை இருக்கிறது, தோலோடு பை நிறையக் கிடைக்கும், தோலைக் காலடியிலேயே போடலாம். சீக்கிரம் போனால் வீரர்களின் பயிற்சியைப் பார்க்கலாம்.

இடப்பக்கம் 37 அடி உயரத்துக்கு ஒரு பச்சைச் சுவர் நிற்கும், பெயர் கிரீன் மான்ஸ்டர். அதன் அடியில் கையால் எண்தகடுகளை மாற்றும் பழைய பலகை. சுவருக்குள்ளேயே ஆட்கள் இருந்துகொண்டு மாற்றுகிறார்கள். அதில் பச்சை, சிவப்பு விளக்குகள் பால், ஸ்ட்ரைக், அவுட் கணக்கைக் காட்டும். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் ஒருமுறை அந்த விளக்குகளைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கையில் பென்சிலும் மதிப்பெண் அட்டையும் வைத்துக் குறிப்பெடுக்கும் ரசிகர்களைக் காணலாம். அந்தப் பழக்கத்தை வளர்த்தவர் ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் தயங்காமல் கேளுங்கள், மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். கூட்டத்துக்குள் வந்து விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை. வலை இல்லாத பகுதியில் குழந்தைகளோடு உட்கார்ந்தால் பிட்சர் எறியும்போது கைபேசியைப் பார்க்காதீர்கள்.

ஆட்டம் முன்புபோல் இழுபடுவதும் இல்லை. 2023 முதல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். பேஸில் யாரும் இல்லையென்றால் 15 விநாடிக்குள் எறிய வேண்டும். பிந்தினால் ஒரு பால் ஏறும், பேட்டர் பிந்தினால் ஒரு ஸ்ட்ரைக். தண்டனையையும் கவுண்டிலேயே வைத்திருப்பதைக் கவனியுங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டிய சராசரி, அந்த ஓராண்டிலேயே ஏறக்குறைய 2 மணி 40 நிமிடமாக இறங்கியது.

ஆட்டம் முடியும் விதம்

டிரா கிடையாது. ஒன்பது இன்னிங்ஸில் முடியாவிட்டால் முடியும் வரை ஆடுவார்கள். உள்ளூர் அணிதான் எப்போதும் இரண்டாவதாக மட்டை பிடிக்கும். அது முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதின் இரண்டாம் பாதி ஆடப்படாது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று பாடுவார்கள். அதை முடிவு என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

கடைசியில் இரண்டு அவுட் ஆகி, மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்கும்போது கவுண்ட் 3–2 ஆனால் பேட்டரிடமிருந்து கண்ணை எடுத்து, பேஸில் நிற்பவர்களைப் பாருங்கள். பந்து பிட்சர் கையைவிட்டுக் கிளம்பும்போதே மூவரும் ஓடத் தொடங்குவார்கள். ஸ்ட்ரைக் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது, பால் ஆனால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்ந்து ஒரு ரன் வந்துவிடும், அடித்தால் எப்படியும் ஓட வேண்டும், ஃபவுல் ஆனால் திரும்பி வந்து நிற்கலாம். எது நடந்தாலும் ஓடுவதால் அவர்களுக்கு இழப்பில்லை.